சாளை ஏலம் போகாத நாள்

சென்ற மாதம் சென்னையில் எங்கள் அலுவலகத்துப் பெண்கள் சிலர் ஒரு கண்டனக் கூட்டத்துக்குப் போனோம். புருசன் அடிக்கிறான் என்று புகார் கொடுக்கப் போன ஒரு பெண்ணை, காவல் நிலையத்திலேயே சமாதானம் பேசி அவனோடு அனுப்பிவைத்திருக்கிறார்கள். நாலாம் நாள் அவள் செத்துப்போனாள். பேர் வேண்டாம், பேர்தான் அடிக்கடி மாறுகிறது, கதை மாறுவதில்லை. பக்கத்தில் பதாகையோடு நின்ற சின்னப் பெண், “அக்கா, இதுதான் உங்களுக்கு முதல் போராட்டமா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். முதல் போராட்டம் எனக்கு ஒன்பது வயதில். அதில் பதாகை கிடையாது, சாளை மீன் உண்டு. அன்றைக்கு நான் எதிர்த்தரப்பில் இருந்தேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, மணப்பாட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது. அப்பா கப்பலில் வேலை பார்த்தார். வருசத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார், மற்ற மாதமெல்லாம் போனில் இருப்பார். அம்மா மீன் வியாபாரி. காலையில் கடற்கரையில் ஏலம் எடுத்து, ஷேர் ஆட்டோவில் கூடையை ஏற்றிக்கொண்டு ஆறுமுகநேரி, ஆழ்வார்திருநகரி என்று தெருத்தெருவாக விற்றுவிட்டு மூன்று மணிக்குத் திரும்புவாள். அம்மாவுக்கு ஒரே தம்பி. அவர்தான் என் மாமா.

மாமாவைப் பிடிக்காதவர்கள் ஊரில் இல்லை. சொந்தமாகப் பைபர் படகு வைத்திருந்தார். கோயிலில் பாடுவார். கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. என்னைக் கண்டால் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார். ஒன்பது வயதுக் கழுதையைத் தோளில் தூக்குகிற மாமா வேறு யாருக்கு இருந்தார்? ஞாயிறுதோறும் நல்ல மீனாகப் பார்த்து ஒரு பை காவல் நிலையத்துக்கும் போகும். அதற்கு மாமா வைத்திருந்த பெயர் சிநேகம்.

மாமி மட்டும் அடிக்கடி கீழே விழுந்துவிடுவாள். ஒருநாள் கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்பாள், ஒருநாள் கதவில் இடித்துக்கொண்டேன் என்பாள். கன்னம் வீங்கியிருக்கும், நெற்றி புடைத்திருக்கும். “மாமிக்கு ஒழுங்கா நடக்கத் தெரியாதாம்மா?” என்று நான் ஒருமுறை கேட்டேன். பக்கத்தில் இருந்த மாமி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அடுப்பில் ஊதிக்கொண்டே இருந்தாள்.

அரைப் பரீட்சை லீவு விட்டிருந்த நாள். காலையில் மாமி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வலது கை தொங்கியது. “மதினி, இனி என்னால முடியாது” என்று மட்டும் சொன்னாள். அம்மா அடுப்பை அணைத்தாள். அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவளை நேரே காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் போனேன்.

ஏட்டையா நல்லபடியாகத்தான் பேசினார். “குடும்ப விசயம் தாயி. அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்லுவாவ.”

“அணைக்கட்டும் ஐயா. ஒடைஞ்சது அவ கையில்லா?” என்றாள் அம்மா.

எஸ்.ஐ. உள்ளேயிருந்து போன் போட்டார். பத்து நிமிசத்தில் மாமா சிரித்த முகத்தோடு வந்தார். எல்லாருக்கும் டீ வந்தது, எனக்குக் கூடுதலாக ஒரு வடை. ‘இனிமேல் சண்டை சச்சரவு இல்லாமல் சேர்ந்து வாழ்வோம்’ என்று ரைட்டர் ஒரு தாளில் எழுதினார். மாமிக்கு வலது கை கட்டில் இருந்ததால் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். பேரின் முதல் எழுத்தே கோணிக்கொண்டு போனது. போதும் போதும் என்று ரைட்டர் தாளை வாங்கிக்கொண்டார். மாமா பைக்கில் மாமியை ஏற்றிக்கொண்டு போனார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் வடையைத் தின்றேன். அம்மா மட்டும் தன் டீயைத் தொடவே இல்லை. சமாதானம் ஆனதில் இவளுக்கு என்ன வருத்தம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு வாரம் தாங்கியது அந்தத் தாள். ஊரறிய ஸ்டேசன் படி ஏறினாள் என்பதற்காக மாமா இந்த முறை அவள் தாடையை உடைத்தார். மாமியைத் தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பல்லையெல்லாம் கம்பி போட்டுக் கட்டினார்கள். அம்மா மூன்று தடவை காவல் நிலையத்துக்கு நடந்தாள். முதல் தடவை எஸ்.ஐ. இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை, போன வாரம்தானே சமாதானமாகப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தீர்கள், அதை என்ன செய்ய என்றார்கள். மூன்றாம் தடவை எஸ்.ஐ.யே இருந்தார்.

“புகார் குடுக்க நீங்க யாரும்மா? அடிபட்ட பொம்பள வந்து வாயால சொல்லட்டும்.”

“வாயத்தான் ஐயா கம்பி போட்டுக் கட்டியிருக்கு.”

“அப்ப சரியாகட்டும். என்ன அவசரம்?”

இதை அம்மா வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கூடப் பிறந்தவனைக் காட்டிக் கொடுப்பாளா ஒருத்தி என்றார்கள். அவன் உள்ளே போனால் நாளைக்கு உன் மகளுக்குத் தாய்மாமன் முறை யார் செய்வார்கள் என்றார்கள். அந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது.

இந்த இடத்தில் எங்கள் கடற்கரை வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கடலில் கிடக்கிற வரைக்கும்தான் மீன் ஆண்களுடையது. கரைக்கு வந்தால் பெண்கள் கேட்டால்தான் அதற்கு மதிப்பு. இறாலும் கணவாயும் என்றால் கம்பெனி லாரி எடுத்துக்கொண்டு போய்விடும். சாளைக்கும் அயலைக்கும் கூடைக்காரப் பெண்களை விட்டால் நாதியில்லை. ஒவ்வொரு படகுக்காரருக்கும் கைராசி பார்த்து ஒருத்தி இருப்பாள். ஏலத்தில் முதல் கேள்வி அவள்தான் கேட்க வேண்டும். அவள் வாய் திறக்காமல் மற்றவர்கள் கேட்கமாட்டார்கள். மாமாவின் படகுக்கு முதல் கேள்வி என் அம்மா.

மறுநாள் காலை நானும் கடற்கரையில் இருந்தேன். அன்றைக்குப் பார்த்து அத்தனை படகுக்கும் சாளை அள்ளிக்கொண்டு வந்திருந்தது. மாமா படகு முதலில் கரை பிடித்தது. மீனை மணலில் விரித்த சாக்கில் கொட்டினார்கள். வெயில் பட்டு அப்படி மின்னியது. ஏலம் போடுகிற அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “கேளு தாயி, கேளு, ஒந்தம்பி மீனு” என்றார்.

அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அண்ணாச்சி இன்னொரு தடவை கேட்டார். காது கேட்கவில்லையோ என்று கிட்டே வந்து கேட்டார். மாமாதான் முதலில் சிரித்தார். “ஏக்கா, வெளையாடாத. மீனு வெயில்ல கெடக்கு.”

“மூணு நாளா அவ ஆஸ்பத்திரில கெடக்கா” என்றாள் அம்மா. “அவ கேஸ எழுத மாட்டேங்கான் ஸ்டேசன்ல. எழுதுத வரைக்கும் நான் கேக்க மாட்டேன்.”

ஒருத்தி கேட்காவிட்டால் என்ன, இன்னொருத்தி முதல் கேள்வி கேட்கட்டும் என்று யாரோ கத்தினார்கள். அப்போது கூட்டத்தில் இருந்து ஒரு பெண் தன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அவள் புருசனும் கை நீட்டுகிறவன்தான் என்று ஊருக்கே தெரியும். அவன் பத்தடி தள்ளி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தி, அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடையெல்லாம் கவிழ்ந்துவிட்டது. ஒரு கோஷம் கிடையாது. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியதோ வேறு. மாமா மீனை வாங்காமல் இவர்கள் என்ன அழிச்சாட்டியம் பண்ணுகிறார்கள் என்று அழுகை வந்தது.

அடுத்தடுத்து வந்த படகுகளின் மீனும் மணலிலேயே கிடந்தது. ஆண்கள் கூச்சல் போட்டார்கள். “ஒருத்தன் பொண்டாட்டிய அடிச்சதுக்கு ஊரு மீன நாற விடுதாளுவளே!” என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். ஊர்க் கமிட்டித் தலைவர் வந்தார். இதை நமக்குள்ளே பேசி முடிக்கலாம் என்றார்.

“பேசி முடிச்சதுலதான் தாடை போச்சு” என்றாள் அம்மா.

ஒரு மணி நேரம் போயிருக்கும். ஈ மொய்க்கத் தொடங்கியது. ஏலம் போடுகிற அண்ணாச்சி குனிந்து ஒரு சாளையை எடுத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நிமிர்ந்து, “ஏலே, இன்னும் கொஞ்ச நேரத்துல இது கருவாட்டுக்குக்கூட ஆவாது. நடங்கலே ஸ்டேசனுக்கு” என்றார். மீனைக் கூடையில் அள்ளி எல்லாரும் கிளம்பினார்கள். அதில் நியாயத்துக்காக நடந்தவர்கள் எத்தனை பேர், சாளைக்காக நடந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நடந்தார்கள்.

மாமாவும் வந்தார். அவருக்குப் பயமே இல்லை. ஸ்டேசன் அவருடைய சிநேக வட்டம் அல்லவா? அழுதுகொண்டிருந்த என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் கேலி பேசிக்கொண்டே நடந்தார். ஆக, அந்த ஊர்வலத்தை மற்ற எல்லாரையும்விட உயரத்தில் இருந்து பார்த்தவள் நான்தான். முன்னால் என் அம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வேகமாகப் போனாள்.

கூடைகளைக் காவல் நிலையத்துக் காம்பவுண்டுச் சுவரோரம் வரிசையாக வைத்தார்கள். பெண்கள் மண்ணில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் பின்னால் நின்றார்கள். காற்று கடலில் இருந்து ஸ்டேசனுக்குள் அடித்தது. கொஞ்ச நேரத்தில் எஸ்.ஐ. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“என்னம்மா இது, கூட்டம் கூட்டிக்கிட்டு? குடும்ப விசயம்னு ஏட்டு அன்னைக்கே சொன்னார்ல?”

“ஆமாய்யா, சொன்னாரு. அதான் குடும்பத்தோட வந்திருக்கம். எங்க குடும்பம் இம்புட்டுப் பெருசு” என்றாள் அம்மா.

யாரோ ஒரு கிழவி குபீரென்று சிரித்தாள். சிரிப்பு அப்படியே பரவியது. ஆண்கள் பக்கத்தில்கூடச் சிரித்தார்கள். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. மேலிடத்துக்குப் போன் போனதோ, நாற்றம்தான் தாங்கவில்லையோ, அரை மணி நேரத்தில் மேசை வெளியே வந்தது, ரைட்டர் வெளியே வந்தார், பேனா வெளியே வந்தது.

“எதிரி உங்களுக்கு என்ன உறவு?” என்று ரைட்டர் கேட்டார்.

அதுவரை பட்பட்டென்று பேசிய அம்மா அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தண்ணீர் கேட்டாள். குடித்தாள். “தம்பி. கூடப் பொறந்த தம்பி. ஒரே தம்பி” என்றாள். ஒன்றுக்கு மூன்று தடவையாக அவள் சொன்னதை ரைட்டர் ஒரே தடவைதான் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள். ரசீதை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் எழுந்தாள்.

மாமா என்னைக் கீழே இறக்கிவிட்டார். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை. ஏட்டையா அவர் கையைப் பிடித்தார். நான் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அம்மாவைப் பார்த்து, “நீ கெட்டவ, நீ ரொம்பக் கெட்டவ!” என்று கத்தினேன். அம்மா என்னை அடிக்கவில்லை. என்னைப் பிடித்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு, சுவரோரம் நின்ற அண்ணாச்சியிடம் போனாள். “ஏலத்தப் போடுங்கண்ணாச்சி” என்றாள். காவல் நிலைய வாசலிலேயே ஏலம் நடந்தது. மாமா படகு மீனுக்கும் அம்மாதான் முதல் கேள்வி கேட்டாள்.

அன்றைக்கு அவள் தெருவுக்கு விற்கப் போகவில்லை. மீனை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு மதியமே வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். நான் மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோறு வெந்ததும் கஞ்சியை ஒரு தூக்குச்சட்டியில் வடித்து, உப்புப் போட்டு, மெல்ல முடியாத மாமிக்கென்று ஆற வைத்தாள். பிறகு ஒரு டிபன் கேரியரை எடுத்தாள். அடித்தட்டில் சோறு, மேல்தட்டில் சாளைக் குழம்பு. மீனை முள்ளெடுத்துத்தான் வைத்தாள்.

“அது யாருக்கு?” என்றேன். கோபத்தை மறந்து கேட்டுவிட்டேன்.

“ஒம் மாமாவுக்கு. சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டு போயிருவாவ. அதுக்குள்ள குடுக்கணும். பொறவு ஆஸ்பத்திரிக்குப் போணும்.”

எனக்கு உயிர் வந்தது. அம்மா மனம் மாறிவிட்டாள் என்று நினைத்தேன். ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்தேன். “மாமாவ விடச் சொல்லப் போறியாம்மா?”

“இல்ல.”

“பின்ன எதுக்குச் சோறு?”

“காலையிலேருந்து ஒண்ணும் திங்கலைல்லா. பசிக்கும் அவனுக்கு.”

“அப்ப கேஸு?”

“அது கெடக்கும். யாரு சொன்னாலும் வாபஸ் வாங்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு ஒரு கையில் தூக்குச்சட்டியும் ஒரு கையில் கேரியருமாக வாசலில் செருப்பைத் தேடினாள். அவள் சொன்னதில் ஏதோ ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஒன்று பசிக்கும் என்றது பொய், இல்லையென்றால் வாபஸ் வாங்க மாட்டேன் என்றது பொய். எது பொய் என்று கண்டுபிடிக்க அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.