பல்லில் கடித்த பறி

எம்.ஃபில். ஆய்வேட்டில் அன்பரசுக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது இயல்தான். ஒரு கரீபிய ஆங்கில நாவலில், கூலியாகக் கப்பலேறிப் போனவர்களின் வழிவந்த பெண்ணொருத்தி சதுப்புக்காட்டுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறாள். பிடித்ததைப் போடும் கூடையைப் பல்லில் கடித்திருக்கிறாள். நாவலில் இது ஒன்றரைப் பக்கம். அன்பரசு பதினான்கு பக்கம் எழுதினான். கூடை என்பது காலனியம் அவள் வாயில் திணித்த அடைப்பு; அவளால் பேச முடியாது; காட்சி முழுவதும் மாய யதார்த்தம். லண்டன் விமர்சகர் ஒருவர் ஏற்கெனவே சொன்னதுதான். அன்பரசு அவரைவிடச் சத்தமாகச் சொல்லியிருந்தான்.

சதுப்புக்காட்டை ஒட்டிய கடலோரக் கிள்ளையிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய்வந்து படித்தவன். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கடலூரில் ஒரு பொறியியல் கல்லூரி, வாய்மொழித் தேர்வில் தேறிய கடிதத்தோடு திங்கட்கிழமை வந்தால் ஆங்கில விரிவுரையாளர் வேலை என்று சொல்லியிருந்தது. தேர்வு வெள்ளிக்கிழமை. 2008 ஜூலை.

அவர்கள் துறையில் தேர்வாளருக்குச் சாப்பாடு மாணவன் பொறுப்பு. நெறியாளர் தேவநாதன் முந்தின நாளே சொல்லிவிட்டார்.

"சந்திரலேகா மேடம் வராங்க. எறான்னா அவுங்களுக்கு உசுரு. கிள்ளைக்காரனுக்கு நான் சொல்லணுமா?"

அன்பரசு அம்மா ராசம்மாளிடம் சொன்னான். மீதியை அவள் பார்த்துக்கொண்டாள்.

தேர்வு நன்றாகத்தான் போனது. கடைசியாகச் சந்திரலேகா மூன்றாவது இயலைப் பிரித்துவைத்து ஆங்கிலத்தில் கேட்டார். "கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இறால் பிடிப்பது உண்மையில் நடக்கக்கூடியதா?"

"இல்லை மேடம். அது முழுக்க முழுக்கக் குறியீடு."

பிசிறில்லாத ஆங்கிலம். இரண்டு வருடமாகக் கண்ணாடி முன் நின்று பழகியது.

சாப்பிட்டுவிட்டுத் தேர்ச்சிக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாம் என்றார் தேவநாதன். ராசம்மாள் கேரியரோடு உள்ளே வந்து, இலை போட்டுப் பரிமாறினாள். சந்திரலேகா இரண்டாம் முறை தொக்கு வாங்கிக்கொண்டார்.

"எங்கம்மா வாங்கனீங்க இந்த எறாவ?"

"வாங்கறதா? காலைல நான் புடிச்சதும்மா."

"வலை போட்டா?"

"வலை எதுக்கு? கையாலதான். சேத்துல தடவித் தடவிப் புடிச்சிப் பறியில போட்டுக்குவோம். பனவோலைக் கூடதான், வேற ஒண்ணுமில்ல."

"ரெண்டு கையும் தண்ணிக்குள்ள இருந்தா பறிய எங்க வச்சிக்குவீங்க?"

"வாய்லதான். பல்லுல கடிச்சிக்கறது."

தேவநாதனின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அன்பரசு ரசவாளியைப் பார்த்துக்கொண்டு நின்றான். இருபத்து நான்கு வருடம் அவன் பார்த்த காட்சி. ஈரப்பறியை எத்தனையோ நாள் அவனே வாங்கி வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறான். அதே பறி ஆங்கிலத்தில் வந்ததும் அடையாளம் தெரியவில்லை. லண்டன்காரர் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

சந்திரலேகா அவனைப் பார்த்தார். பிறகு, பாவம் என்று நினைத்தோ என்னவோ, ஒரு கயிறு வீசினார்.

"கடிச்சிக்கிட்டிருந்தா பேச முடியாதில்லம்மா?"

முடியாது என்று சொல்லிவிடு தாயே, என்று அன்பரசு தில்லைக்காளியிலிருந்து தொடங்கி எல்லோரையும் வேண்டிக்கொண்டான்.

"ஏன் முடியாது? ஆறு பேரு எறங்கனா அங்க சந்தக்கடதான். பறியக் கடிச்சபடியே பேசுவோம். இவன் மாமன் பொண்டாட்டிக்கும் எனக்கும் சண்ட வந்ததே தண்ணிக்குள்ளதான். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?"

சந்திரலேகாவுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு, "என்ன அன்பரசு?" என்றார்.

"தோணவே இல்ல மேடம்."

"எது?"

"அது எங்கம்மான்னு."

அவர் கையெழுத்துப் போடவில்லை. மூன்றாவது இயலைத் திருத்தி எழுதிக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொன்னார். திங்கட்கிழமை கடலூரில் வேறு யாரோ சேருவார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ராசம்மாள் காலிக் கேரியரை மடியில் வைத்திருந்தாள்.

"பாஸாடா?"

"இல்ல."

"ஏன், எறா நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அதான் கெடுத்துது."

அவளுக்கு விளங்கவில்லை. பஸ் கிள்ளையை நெருங்கியபோது அன்பரசு பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"அத்தைக்கும் ஒனக்கும் அன்னிக்கு என்னா சண்ட? மொதல்லேர்ந்து சொல்லு."

"அதுவாடா பரீட்சைக்கு வருது?" என்றாள் ராசம்மாள்.