கரண்டியால் தோண்டிய வேர்

நாலைந்து வருஷத்துக்கு முந்தைய தை மாதம். ஏழாயிரம்பண்ணையிலிருந்து வெம்பக்கோட்டை போகிற வழியில் ஒரு மானாவாரிக் காட்டைச் சமப்படுத்தும் வேலையை எடுத்திருந்தேன். புதிதாகப் பட்டாசு ஆலை வரப்போகிற இடம்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். லோடு ஏற்றுகிற ஆளாக ஆரம்பித்து, கிளீனராகி, டிரைவராகி, இன்றைக்கு என் பெயரில் நான்கு பொக்லைன் ஓடுகிறது. மண்ணை மிதித்துப் பார்த்தே எத்தனை அடியில் சரளை வரும் என்று சொல்லிவிடுவேன். படித்த என்ஜினீயர்கள் என்னைக் கேட்டுவிட்டுத்தான் கோடு போடுவார்கள். பொய்யில்லை, எங்கள் பக்கம் யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

அந்தக் காட்டின் தென்கோடியில் சங்கம்புதர்கள் வட்டமாக நின்றன. இடுப்பு உயரம், உடம்பெல்லாம் முள், வெள்ளை வெள்ளையாகப் பழம். தரிசில் எங்கும் கிடக்கிற செடிதான். எண்ணினால் பதினொன்று. நடுவே ஒரு லாரியை நிறுத்துகிற அளவுக்கு வெறுந்தரை. வேலி போட முதலில் அதைத்தான் வழிக்க வேண்டும். இயந்திரத்தோடு போனால், புதருக்குப் பக்கத்தில் ஒரு அம்மா மண்டியிட்டுக் குழம்புக் கரண்டியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, புதையலா?" என்றேன்.

"ஆமா அண்ணாச்சி. பங்கு கேக்காமத் தள்ளி நில்லுங்க" என்றார் நிமிராமல்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் அவர். வேலைக்குப் போன காலமெல்லாம் எதிரே இருக்கிற பஸ் ஸ்டாப்பில் நின்று இந்தப் புதர்களையே பார்த்திருக்கிறார். பார்த்துப் பார்த்து ஒரு சந்தேகம். கர்ப்பிணிகளின் வயிற்றை அளக்கிற டேப்பைக் கொண்டுவந்து, வருஷம் தவறாமல் ஈஸ்டர் முடிந்த மறுநாள் வட்டத்தை அளந்து நோட்டில் எழுதியிருக்கிறார்.

"சங்கஞ்செடியில ஆணு தனி, பொண்ணு தனி. பொண்ணுதான் காய்க்கும். காட்டுல மத்த இடத்துல எல்லாம் ரெண்டும் கலந்து நிக்கு. இங்கன மட்டும் பதினொண்ணும் பொண்ணு. அதெப்படி?"

"பதினொண்ணும் பொட்டப்புள்ளயா? பெத்தவன் பாடு திண்டாட்டந்தான்."

"வார்டு வாசல்லயும் இதத்தான் சொல்லுவாக. அங்கனயும் எனக்குச் சிரிப்பு வந்ததில்ல."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவரே தொடர்ந்து சொன்னார். இது பதினொரு செடி இல்லை, ஒரே செடி. ஆதியில் நடுவில் நின்ற தாய்ப்புதர் வெளியே வெளியே வேர்விட்டுத் துளிர்த்து, நடுப்பாகம் பட்டுப்போய்விட்டது. அந்த வெறுந்தரைதான் அதன் வயசு. வருஷத்துக்கு விரற்கடைகூட நகராத செடி இவ்வளவு அகலம் விரிய வேண்டுமென்றால் எத்தனை தலைமுறை ஆகியிருக்கும்!

ஆலை முதலாளி அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "பதினோரு முள்ளுச்செடிக்காக வேலியைத் தள்ள முடியாது. ஒரே செடி, அம்புட்டு வயசுன்னா என் கம்பெனிக்கே பெருமை. வேரு ஒண்ணுன்னு கண்ணுல காட்டுங்க, தள்ளிப் போட்டுக்கிறேன்." வெள்ளிக்கிழமை வேலிக்கல் லோடு வந்துவிடும். அதுவரைதான் தவணை.

அதனால்தான் கரண்டி. இரண்டு புதர்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பக்கமிருந்தும் வேரைத் தொடர்ந்து வந்தார். வேரில் கீறல் படாமல் மண்ணை மட்டும் எடுப்பார், பிரஷ்ஷால் துடைப்பார். காலை முதல் பஸ்ஸில் வந்தால் பொழுது சாய்கிறதுக்குள் பக்கத்துக்கு ஒரு முழம் நகரும். மற்ற பக்கம் வேலை பார்த்துக்கொண்டே நானும் தினம் எட்டிப் பார்ப்பேன். கையெல்லாம் முள் கிழித்த கோடு. புதன்கிழமை சாயங்காலம் இடையில் மூன்றடி மண்தான் பாக்கி.

"நாளைக்கு ஒரு பகல் போதும் அண்ணாச்சி" என்றார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

எனக்குப் பாவமாக இருந்தது. அதோடு, இதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன், 'அண்ணாச்சி இல்லன்னா முடிஞ்சிருக்காது' என்று அவர் வாயால் கேட்க ஆசையாகவும் இருந்தது. மூன்றடி மண் எனக்குக் கால்மணி நேர வேலை. முட்டையைக்கூட உடையாமல் தூக்குகிற கை என்னுடையது. வியாழக்கிழமை விடிந்ததும், அவர் பஸ் வருமுன், நானே ஏறி உட்கார்ந்து பக்கெட்டை மெதுவாக இறக்கினேன்.

கீழே சுண்ணாம்புக் கற்பாறை இறுகிக் கிடந்தது. மண்ணை மிதித்தே சொல்கிறவனுக்கு அது தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வராமல் மொத்தமாகப் பலகை போலப் பெயர்ந்தது. இரண்டு பக்க வேரும் அதோடு பிய்ந்து வந்து, துண்டு துண்டாகச் சிதறியது.

அவர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். தூக்குவாளியைக் கீழே வைத்தார். வேர்த்துண்டுகளைப் பொறுக்கி, தரையில் முனையோடு முனை வைத்துப் பொருத்திப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எதுவும் எதோடும் சேரவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. "ஒரே வேருதான் சிஸ்டர். உடையும்போது நான் பாத்தேன். முதலாளிகிட்ட நான் சொல்லுதேன். என் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது."

"பாத்தீகளா அண்ணாச்சி?"

தலையைக் குனிந்துகொண்டேன். உடைந்தபோது நான் பார்த்தது வெறும் புழுதிதான்.

"பாக்கலன்னா சொல்லாதீக."

முதலாளி வந்தபோது நர்ஸம்மா, "காட்ட முடியலங்க" என்று மட்டும் சொன்னார். என் பெயரை எடுக்கவில்லை. பிறகு டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, வட்டத்தைக் கடைசியாக ஒரு தடவை அளந்துகொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

மறுநாள் லோடு வந்தது. டிரைவரை அனுப்ப மனசில்லை. செய்தவனே செய்யட்டும் என்று நானே ஏறினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிச் சாய்த்துக்கொண்டே போனேன். பத்தாவது புதர் சாயாமல் நின்றது. சங்கிலியைக் கட்டி இழுத்தேன். அப்போது, ஆறடி தள்ளி, தொடாமல் நின்ற பதினோராவது புதர் தூரோடு ஆடியது. இடையில் மண் கோடாக வெடித்து எழும்பியது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் கையால் மண்ணைத் தள்ளினேன். என் கட்டைவிரல் கனத்துக்கு ஒரே வேர், இங்கிருந்து அங்கே, எங்கும் அறாமல். ஆனால் பத்தாவது தூர் பாதி பெயர்ந்திருந்தது. மற்ற ஒன்பதும் குவியலாகக் கிடந்தன. முதலாளிக்கு போன் போட்டேன். "அண்ணாச்சி, இனி எதைக் காப்பாத்த?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

அன்று மாலையே நர்ஸம்மா வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"பாத்தீகளா?" அதே கேள்வி.

"இந்தத் தடவை பாத்தேன் சிஸ்டர். கையால தொட்டுப் பாத்தேன்."

நோட்டை எடுத்து வந்து, எந்தப் புதர், எவ்வளவு தூரம், வேர் எவ்வளவு கனம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். "பத்தும் பதினொண்ணும் ஒண்ணுன்னு எழுதலாம். மத்த ஒம்பதையும் எழுத முடியாது அண்ணாச்சி" என்றார். நோட்டை மூடி வைத்துவிட்டு, "சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். அதுக்குத்தான் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்றைக்கும் வேலைக்குப் போகிற காட்டில் சங்கம்புதர் தென்பட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி, அது வட்டமாக நிற்கிறதா, நடுவில் வெறுந்தரை இருக்கிறதா என்று பார்க்கிறேன். அப்படி ஒன்று இதுவரை கண்ணில் படவில்லை. மண்ணைத் தெரிந்தவன் என்று யாராவது என்னைப் புகழ்கிறபோதெல்லாம் அந்த மூன்றடி மண்தான் கண்முன் வருகிறது.