தண்ணீருக்கும் ஃப்ளூ

தொண்ணூறுகளின் கடைசியில் திருநெல்வேலியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வைரஸைத் தேடிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொள்ளக் கௌரவமாகத்தான் இருக்கிறது. உண்மையில் மின்விசிறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

விக்கிரமசிங்கபுரத்தில் மில் குடியிருப்பு முழுக்கக் காய்ச்சல். அங்கே ஒரு அம்மாவின் இளைய மகளுடைய தொண்டையில் பஞ்சுக்குச்சியால் துடைத்து மாதிரி எடுத்தேன். பிள்ளை ஓங்கரித்து என் சட்டையை நனைத்தது.

"மூத்தவ என்ன காய்ச்சல்ல போனான்னே தெரியாது தம்பி," என்றார் அந்த அம்மா. "டைபாயிடுன்னாவ, மலேரியான்னாவ. இவளுக்காவது என்னன்னு சொல்லிப்போடுங்க."

"சொல்லுதேன்க்கா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஐஸ் போட்ட பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பி.சி.ஆர். சோதனை அப்போது எங்களுக்குப் புதிது. ஃப்ளூ வைரஸின் மரபணுவில் ஒரு துணுக்கைக் கோடிக்கணக்கில் நகலெடுத்துக் காட்டும். வைரஸ் இருந்தால் ஜெல் தகட்டில் ஒரு கோடு ஒளிரும். கூடவே ஒரு குழாயில் வெறும் தண்ணீர் வைப்போம். அதில் கோடு வரவே கூடாது; வந்தால் மற்றக் குழாய்களின் கோட்டையும் நம்ப முடியாது. வந்தது! தண்ணீருக்கும் ஃப்ளூ!

முந்தைய சோதனைகளில் நகலெடுத்த துணுக்குகள், குழாயைத் திறக்கும்போதெல்லாம் விசிறிக் காற்றில் பறந்து எல்லாவற்றிலும் விழுந்துகொண்டிருந்தன. "ஃபேனை நிறுத்திடுவோம் சார்" என்று பேராசிரியரிடம் கெஞ்சினேன்.

"ஏலே, இந்த வெக்கையில அவிஞ்சு சாவச் சொல்லுதியா? தண்ணிய மாத்திட்டுத் திரும்பப் போடுலே."

மாற்றினேன். மறுபடியும் கோடு. இன்னொரு தடவை மாற்றினேன். அட, தண்ணீரா ஐயா பிரச்சினை? ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளையின் மாதிரியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது.

பேராசிரியர் ஒரு கல்யாணத்துக்கு வள்ளியூர் போன அன்று ஃபேனை நிறுத்தினேன். மேசையெல்லாம் துடைத்து, வேர்த்து விறுவிறுத்து, தண்ணீரை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தேன். கோடு இல்லை. சோதிக்கத்தான் பிள்ளையின் குப்பியில் ஒரு சொட்டும் இல்லை. எல்லாம் முந்தைய தடவையோடு மண்ணாய்ப் போயிருந்தது.

விக்கிரமசிங்கபுரம் போனேன். பிள்ளை தேறி, தெருவில் சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு ஓடியது. நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் காய்ச்சல் போய் இத்தனை நாளான பிறகு தொண்டையைத் துடைத்து என்ன பிரயோசனம்? அந்த அம்மா என்னைக் கண்டதும் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்.

"என்ன காய்ச்சல் தம்பி?"

"தெரியலக்கா."

திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் தெருவில் ஓடும் மகளைப் பார்த்தார்.

"இவளுக்கும் தெரியலியா?" என்றார்.