மூடுபனி விலகும் வரை

முழங்காலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, சின்ன விமானத்தின் திறந்த கதவருகே அக்கா வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வடதுருவத்தை ஒட்டிய நோர்வேத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் நாட்கணக்காக மூடுபனி. நாங்கள் பறக்க முடியாமல் கிடந்தோம்.

சொந்த அக்கா இல்லை. ஒஸ்லோவில் நான் வேலைக்குச் சேர்ந்த நில அளவை நிறுவனத்தில் எனக்கு முன்பே இருந்த ஒரே தமிழர். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து இங்கே படித்தவர். ஒவ்வொரு வசந்தத்திலும் கடற்பனிக்கு மேல் தாழப் பறந்து, விமானத்தின் அடியிலிருந்து லேசர் கதிரை வீசி, மேடும் வெடிப்புமாகக் கிடக்கும் அந்தப் பரப்பின் உயரங்களை வரைபடமாக்குவது அவருடைய பொறுப்பு. மூடுபனிக்குள் லேசர் செல்லாது.

இலங்கையில் அது போர்நிறுத்தச் சமாதான காலம். யாழ்ப்பாணத்துக்குப் போகும் கண்டி வீதி திறந்திருந்தது. படுக்கையில் கிடந்த தகப்பனைப் பார்க்கப் போக அக்கா டிக்கெட் எடுத்திருந்தார். வேலை இழுபட்டதும், கருவியை வேறொருவர் பார்க்கட்டும், நீ புறப்படு என்று எங்கள் தலைவர் ஒஸ்லோவிலிருந்து சொன்னார். அக்கா பயணத்தைத்தான் தள்ளிப்போட்டார்.

"பனி உடைஞ்சால் இந்த வருசம் போச்சு. அப்பா இருப்பார்" என்றார் என்னிடம். தொலைபேசியில் தகப்பனும், வேலையை முடித்துவிட்டு ஆறுதலாக வா என்றாராம்.

ஒரு காலை வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்தது. பறந்தோம். திரையில் ஒவ்வொரு பனிமேடும் துல்லியமாக எழுந்து வந்தது. அக்கா சிறுபிள்ளைபோல் சிரித்துக்கொண்டு கருங்கோடாய் ஓடிய வெடிப்புகளை எனக்குக் காட்டினார். இறங்கியதும், ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் இருந்த வீட்டிலிருந்து அக்காவின் கணவர் அழைத்தார். அக்கா "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, கழற்றிய கையுறைகளைத் திரும்ப மாட்டிக்கொண்டு கருவியை இறக்க வந்தார். நான் தடுத்தும் கேட்கவில்லை.

தகப்பனின் அந்தியேட்டி, அந்த முப்பத்தோராம் நாள் கிரியை, முடிந்த பின்னரே வேலைக்குத் திரும்பினார். ஒரு மதியச் சாப்பாட்டின்போது தானாகவே சொன்னார். நோய் முற்றியதை மகளிடம் சொல்லக்கூடாது, அவளைக் குழப்பவேண்டாம் என்று தகப்பன் வீட்டாரை மறித்து வைத்திருந்தாராம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், மகள் விமானத்திலிருந்து பனியை அளக்கிறாள் என்று சொன்னாராம்.

"ஏன் வரேல்லை எண்டு அப்பா ஒருக்கா என்னை ஏசியிருக்கலாம்" என்றார் அக்கா. சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டார்.

இன்று அவர் துரொண்ட்ஹெய்ம் நகரில் மகளோடு இருக்கிறார். பறப்பு இப்போது என் பொறுப்பில். அந்த வசந்தத்தின் பனியோடு ஒப்பிட இன்றும் அவருடைய வரைபடத்தைத்தான் எடுக்கிறோம். அவ்வளவு சுத்தமான அளவு பிறகு கிடைக்கவில்லை. இதை அவருக்குச் சொல்லவேண்டும் என்று பலமுறை தொலைபேசியை எடுத்திருக்கிறேன். பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறேன்.