சாணைக்கல்லின் குரல்

இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தீய்ந்த இரும்பின் வாசனை மூக்கில் ஏற, நினைவில் ஒரே தாவலில் கடம்பத்தூருக்குப் போய்விட்டேன்: ஸ்டேஷனுக்குப் பின்னால், இப்போது சிமெண்ட் கிடங்கு நிற்கிற இடத்தில், எங்கள் வீட்டோடு ஒட்டியிருந்த அப்பாவின் சாணைப் பட்டறைக்கு, நாளெல்லாம் பொறி பறந்து, கொடியில் காயும் துணிவரை கருந்தூள் படிந்த அந்தத் தகரக் கொட்டகைக்கு.

புதுச் சாணைக்கல் வந்தால் அப்பா அதை விரலில் தொங்கவிட்டு, திருப்புளியின் மரப்பிடியால் தட்டிப் பார்ப்பார். நல்ல கல் மணிபோல் ஒலிக்கும், விரிசல் விட்ட கல்லோ சுற்றும் வேகத்தில் வெடித்து ஆள்மேல் பாயும். ஒருநாள் அப்படித் தட்டிவிட்டு அவர் மோட்டாரில் மாட்டப் போகையில், அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள்.

“யோவ், மாட்டாதய்யா! இப்படி சத்தம் போடுற பானைய நான் சந்தையில தொடவே மாட்டேன்.”

“இது இன்னா கொழம்பு வெக்கிற சட்டியாம்மே?”

“அந்தாண்டப் பக்கம் தட்டிப் பாருய்யா.”

தட்டினார். மொத்தென்றது. அது சுற்றியிருந்தால் நேரெதிரே இருந்திருப்பது அவர் முகம்.

அதற்குப் பிறகு எந்தக் கல்லைத் தட்டினாலும் அடுப்படிப் பக்கம் பார்ப்பார். “மாட்டுய்யா” என்று குரல் வந்தால்தான் மாட்டுவார். அடுத்த சந்தையில் அம்மாவும் பதிலுக்கு ஒரு பானையை அவரிடம் நீட்டி, “நீ சொல்லுய்யா” என்றாள். அவர் கண்ணை மூடித் தட்டி, பெருமையாகத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றியதும் அது ஒழுகியது. அம்மா அதில் மண்ணை நிரப்பி மல்லிகைக்கொடி வைத்தாள்.