கிழங்குக் கூடையில் ஒரு நாவல்

சந்தையில் மரவள்ளிக்கிழங்கின் ஈர மண் வாசனை வந்தால் போதும், ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில், காஜா பெராங்கில் நாங்கள் இருந்த வீட்டுக்கே போய்விடுகிறேன். இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்தால் பிடித்துப் போவார்கள் என்று அப்பா எல்லாவற்றையும் எரித்தபோது, என் அக்கா ராஜம் ஒரு துப்பறியும் நாவலை மட்டும் கிழங்குக் கூடையின் அடியில் மறைத்துவிட்டாள். மத்தியானங்களில் துணி காயப்போடும் சாக்கில், அன்று படித்ததைப் பக்கத்து வீட்டு பாத்திமா அக்காவுக்கு வேலியோரம் சொல்வாள். ஈரத்துணியை உதறும் சத்தமும் அவர்களுடைய அடக்கிய சிரிப்பும் இன்னும் காதில் இருக்கின்றன.

ஒருநாள் மத்தியானம் சிப்பாய் ஒருவன் வீட்டைச் சோதிக்க வந்தான். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழர். சிப்பாய் கூடையைக் காலால் நகர்த்தியபோது, ஒன்றும் அறியாத பாத்திமா அக்கா வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தாள்.

"ராஜம், அந்தப் புத்தகத்துல கொன்னது யாருன்னு தெரிஞ்சிச்சா?"

என் சடையைப் பாதி பின்னியிருந்த அக்கா, அதை அப்படியே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். வேலிக்கு அப்பால் இருப்பவள் என்ன கேட்கிறாள் என்று சிப்பாய் மொழிபெயர்ப்பாளரை அதட்டினான். அவர் அக்காவையே ஒரு கணம் பார்த்தார். பிறகு, அவள் கேட்டது கிழங்கைத்தான் என்பதுபோல் கூடையைக் காட்டி, சிப்பாயிடம் அவன் பாஷையில் ஏதோ சொன்னார். அவன் மேலாக இருந்த இரண்டு கிழங்குகளை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

பின்தங்கிய மொழிபெயர்ப்பாளர் மெல்லச் சொன்னார்: "முடிச்சதும் எனக்கும் குடும்மா. கதை படிச்சு ரொம்ப நாளாச்சு."

அவரை நம்பலாமா என்று அக்காவும் பாத்திமா அக்காவும் ஒரு வாரம் வேலியோரம் குசுகுசுத்தார்கள். அடுத்த முறை அவர் தனியாக வந்தபோது, அக்கா கூடைக்கு அடியிலிருந்து எடுத்த புத்தகத்தை அவரிடம் நீட்டினாள்.