அலுமினியத்துக்குக் கறள் பிடிக்காது

பெரிய மாமா வாங்கிய உல்லாசப் படகின் தளத்தில் அம்மா சப்பணம் கட்டி உட்கார்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. வெட்கத்தில் எங்கே முகத்தை வைப்பதென்று தெரியவில்லை. கனடாவிலிருந்து வந்த உறவினர்கள் பத்துப் பேர், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாய்க் குருநகர் இறங்குதுறையில் காத்து நின்றார்கள். தீவுகளைச் சுற்றிக் காட்டப் போகும் மாமாவின் முதல் ஓட்டம் அது.

“பெற்றோல் மணக்குது அண்ணை. தளப் பலகையைக் கழட்டி எண்ணெய்த் தாங்கியைப் பாருங்கோ. பாக்குமட்டும் நான் எழும்பமாட்டன்.”

மாமா சிரித்தார். “துருப்பிடிச்சு ஓட்டை விழ அது இரும்பில்லை, அலுமினியமடி. அலுமினியத்துக்குக் கறள் பிடிக்காது.”

“பிடிக்காட்டில் கழட்டிக் காட்டுங்கோவன். முதல்ல உந்தச் சிகரெட்டை அணையுங்கோ.”

மாமா அந்தப் படகைப் பழசாய் வாங்கி ஒரு மாதந்தான். அந்த மாதமும் வர்ணம் பூசுவதிலேயே போயிருந்தது. அம்மாவோ அப்பாவின் மீன்பிடிப் படகுக்கு நாள்தோறும் எண்ணெய் நிரப்பிப் பழகியவர். அவர் மூக்கை ஏமாற்ற முடியாது. ஆனால் அன்று நான் மாமாவின் பக்கம். படகின் அருகே போய், “இறங்குங்கோ அம்மா, எல்லாரும் பாக்கினம்” என்றேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்றும் சுடுகிறது. “நீ கோயில் வாசலுக்குப் போ. நான் கூப்பிடுமட்டும் இஞ்சாலை வரப்படாது.”

அழுதுகொண்டே போனேன். அங்கிருந்து, கொளுத்தும் வெயிலில் அவர் அசையாமல் இருப்பது தெரிந்தது. உறவினர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில், தங்கையின் வாயை அடைக்க வேண்டுமென்றே மாமா பலகைகளைக் கழற்றினார்.

மிச்சத்தைப் பிறகு மாமாவே பலரிடமும் சொல்லக் கேட்டிருக்கிறேன். தாங்கியின் மேற்பக்கம் பளபளவென்றிருந்ததாம். “பாத்தியா?” என்றாராம். “தூக்குங்கோ” என்றாராம் அம்மா. பெற்றோலை இறக்கிவிட்டு மூன்று பேர் தூக்கினார்கள். தாங்கி ஆடாமலிருக்கக் கீழே வைத்த பஞ்சு மெத்தை உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. அடித்தகடு முழுக்க உப்பு அரித்து வெள்ளைப் பொடியாய்ப் பூத்திருந்தது. மாமா விரலால் அழுத்திய இடம் உள்ளே போய்விட்டது.

அம்மா அப்போதுதான் எழுந்தார். கோயில் வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்தார். “நிண்டது காணும், வா” என்றார். நான் கையை உதறினேன். பிழையே செய்யாத என்னை ஊரார் முன்னால் துரத்திவிட்ட கோபத்தில் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

ஒரு பொறி போதும், அந்தப் படகு எரிந்துபோக. அது தெரிந்துதான் அம்மா அதன்மேல் உட்கார்ந்திருந்தார் என்பதும், தெரிந்துதான் என்னை அவ்வளவு தூரம் அனுப்பினார் என்பதும் எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று.